சவுக்குத் தோப்பும் குடிவழி உடைமையும்

தமிழகத்தின் மரவளர்ப்பு வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் அரசுக் காடுகளையே நோக்கினர். 1856-இல் சென்னை மாகாணத்தில் கிளெகார்ன் காட்டுக் காப்பாளராக அமர்த்தப்பெற்றமையும், 1882-இல் சென்னைக் காட்டுச் சட்டம் நிறைவேறியமையும் நூல்தோறும் பேசப்படுகின்றன. இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் மணல் நிலத்தில் ஒரு குடும்பம் தன் பொறுப்பில் வளர்த்து, தன் தேவைக்கு வெட்டி, மீண்டும் நட்டு வந்த தோப்புகளுக்கோ அத்தகைய வரலாறு எழுதப்பெறவில்லை. அரசு தன் காட்டிற்கு ஆண்டறிக்கை எழுதிற்று; குடியானவன் தன் தோப்பிற்கு எழுதினானல்லன். இக்குறையைச் சிறிதேனும் நிரப்பும் கருத்துடன், செங்கற்பட்டு முதல் நாகப்பட்டினம் வரையுள்ள கடற்கரைப் பகுதியின் சவுக்குத் தோப்பு ஈண்டு ஆராயப்படுகின்றது.

முதற்கண் சொல்லை நோக்குவோம். கா, பொழில், சோலை, தண்டலை எனப் பழந்தமிழில் மரச்செறிவைக் குறிக்கும் சொற்கள் பல. இன்று ஊர்வழக்கில் அவையனைத்தையும் விஞ்சி நிற்பது தோப்பு என்னும் சொல்லேயாம். இதனைத் தொகுப்பு என்பதன் திரிபாகக் கொள்வாருளர். ஆங்கிலேய ஆட்சியாளர் இச்சொல்லைத் தம் வருவாய் ஆவணங்களில் ‘டோப்’ என்றே எடுத்தாண்டனர். சோலை தானே தோன்றி நிற்பதையும் குறிக்கும். தோப்போ நட்டவன் ஒருவனை வேண்டி நிற்கும் சொல். ஆதலின் தோப்பு என்றவுடன் யாருடைய தோப்பு என்னும் வினா உடன் எழுகின்றது. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள் என்னலாம்.

நிலத்தை உடையான் மரத்தையும் உடையான் என்பது எக்காலத்தும் ஒப்புக்கொள்ளப்பட்ட நெறியன்று. பல்லவர், சோழர் காலத்துக் கொடை ஆவணங்களில், மேல்நோக்கி வளரும் மரங்களும் கீழ்நோக்கி அகழ்ந்த கிணறுகளும் நிலத்தோடு சேர வழங்கப்பெறுதல் வழக்கமான வாய்பாடு. அவ்வாறு விதந்து கூற வேண்டியிருந்தமையே, கூறாவிடின் ஐயம் எழும் என்பதைக் காட்டும். தெங்கு முதலியன நட்டுக்கொள்ளும் உரிமையும் பெற்றோர்க்குத் தனியே எடுத்துரைக்கப்பட்டது. எனவே மரம் நடுதல் அரசன் அளிக்கும் உரிமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்ட காலம் உண்டு என்பது தெளிவு. இன்றும் புறம்போக்கு நிலத்து மரங்களின் பயனை மட்டும் நுகர்தற்கு ‘2சி பட்டா’ வழங்கும் முறை வருவாய்த்துறையில் உள்ளது. அதனைப் பெற்றவர்க்கு மரத்தின் காய் கனிகளில் உரிமை, மண்ணில் உரிமையில்லை. பழைய பிரிப்பின் நிழல் இன்னும் நீங்கவில்லை.

இனி நெய்தல் நிலத்து மரங்களை எண்ணுங்கால், சங்க நூல்களிற் பயில்வன புன்னை, ஞாழல், தாழை முதலியன. நற்றிணை 172-ஆம் பாட்டில் தலைவியின் தாய் புன்னை மரமொன்றைத் தலைவிக்குத் தமக்கை முறையினதாகக் கூறிய செய்தி யாவரும் அறிந்ததே. அம்மரம் உறவுமுறையுள் வைக்கப்பட்டது, வெட்டுதற்கு வளர்க்கப்பட்டதன்று. அதே கடற்கரை மணலில் இன்று நிற்கும் சவுக்கு, நடும் நாளிலேயே வெட்டும் ஆண்டு குறிக்கப்பட்ட மரம். இவ்வேறுபாட்டைக் கண்டு, பண்டைய பண்பு அழிந்தது என இரங்குவாருளர். யான் அவ்வாறு கருதவில்லை. புன்னையைத் தமக்கை என்ற குடியினரும் விறகின்றி அடுப்பெரித்திருத்தல் இயலாது. அவ்விறகு எங்கிருந்து வந்தது என்பதைப் பாட்டுப் பாடாது விட்டது, அவ்வளவே.

சவுக்கு தமிழ் மண்ணிற்குப் புதியது. தென்கிழக்காசியா, ஆத்திரேலியா, பசிபிக் தீவுகள் ஆகியவற்றின் கடற்கரைகளே அதன் தாயகம். கசுவாரி என்னும் பறவையின் தொங்கும் இறகை அதன் கிளைகள் ஒத்திருத்தலால் அறிவியலார் அதற்குக் கசுவரினா எனப் பெயரிட்டனர். இலைபோல் தோன்றும் பச்சை ஊசிகள் உண்மையில் மெல்லிய கிளைகளே. இலைகள் அவற்றின் கணுக்களிற் பல்போல ஒடுங்கியுள்ளன. தமிழிற் சவுக்கு என்னும் சொல் சாட்டையையும் குறிக்கும். அப்பொருளில் அது ‘சாபுக்’ என்னும் பாரசீகச் சொல்லின் வழியது. காற்றில் வீசும் அவ்வூசிக் கிளைகளைக் கண்டவர்க்கு இருபொருளும் ஒருசொல்லில் நிற்றல் வியப்பளிக்காது. புதிய பயிர்க்குப் பெயர் சூட்டிக்கொள்வதில் இப்பகுதி மக்கள் தயங்கியவரல்லர். நிலக்கடலையை மணிலாக்கொட்டை என்று ஏற்று, அதனையும் மல்லாட்டை எனத் தம் வாய்க்கேற்பத் திரித்துக்கொண்ட நாடன்றோ இது!

சவுக்கு இங்குப் பரவியதற்கு முதற்காரணம் புகைவண்டி. 1856 சூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை தென்னாட்டின் முதல் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. தொடக்க காலத்து எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடின. அண்மையிலிருந்த காடுகள் விரைந்து குறைந்தன. மணலில் வேரூன்றி, உப்புக்காற்றைத் தாங்கி, சில ஆண்டுகளில் வெட்டத்தக்கதாக வளரும் மரம் தேடியபொழுது சவுக்கு கைகொடுத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசும் பின் தனியாரும் கடற்கரை நெடுகிலும் அதனை நட்டனர். சென்னை நகரின் அடுப்புகளும் அவ்விறகை வேண்டி நின்றன. 1876–78 பஞ்ச காலத்தில் விரிவுற்று, ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என வழங்கப்பெற்ற நீர்வழியில் விறகுப் படகுகள் நகரின் விறகுத்தொட்டிகளை நோக்கி வந்தன. பின்னர் நிலக்கரி எளிதிற் கிடைத்து எஞ்சின்கள் விறகைத் துறந்தன. ஆயினும் சவுக்கு மறையவில்லை. அரசின் தேவைக்காக வந்த மரம் குடியானவனின் மரமாக மாறியது இவ்விடத்திலேதான்.

ஏன் மாறிற்று? நெல்லுக்கு உதவாத மணல் மேடு அவனிடம் இருந்தது; வரி மட்டும் அதற்கும் உண்டு. மற்றொரு காரணம் சட்டத்தைச் சார்ந்தது. சந்தனமரம் சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்ததாயினும் அரசின் இசைவின்றி அதனை வெட்டுதல் ஆகாது. ஆகவே நிலத்துக்குரியவர் பலர் அதன் கன்றைக் கண்டால் அஞ்சினர். சவுக்கிற்கு அத்தகைய தளையில்லை. நட்டவனே வெட்டலாம்; வண்டியிலேற்றி விற்கலாம். மரங்களுள் எது விலையுயர்ந்தது என்பதைக் காட்டிலும், எது தன் விருப்பப்படி வெட்டத்தக்கது என்பதையே சிறுநிலத்தான் எண்ணினான். மரவளர்ப்பை ஊக்குவிக்கப் புகுவோர் இதனை மறத்தல் கூடாது.

இனி அதன் வேளாண்முறை. முற்றிய காய்களைப் பறித்து வெயிலில் உலர்த்தினால் வாய் திறந்து விதைகள் உதிரும். மெல்லிய சிறகுடைய அவ்விதை காற்றிற் பறக்கும். எறும்பும் விரும்பி இழுத்துச் செல்லும். ஆதலின் நாற்றங்காலைச் சுற்றி எறும்பைத் தடுப்பதே முதற்காவல். விதையை மணலொடு கலந்து தூவி, வைக்கோல் பரப்பி, பூவாளியால் நீர் தெளிப்பர். முளைத்த நாற்றைச் சில வாரங்களிற் பிடுங்கி வேறு பாத்தியில் இடம் மாற்றி நட்டுத் திடப்படுத்திய பின்னரே தோப்பிற்குக் கொண்டு செல்வர். நடவுக் காலம் வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை. மூன்றடிக்கு ஒன்றாக, ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு நாலாயிரம் கன்று பிடிக்கும்.

மழை நின்றபின் வருவதே கடினமான பகுதி. பொறி இறைப்பான் வருமுன், மணலில் அகலத் தோண்டிய துரவுகளில் இறங்கி இரு கைகளிலும் குடம் முகந்து கன்றுதோறும் ஊற்றினர். நாலாயிரம் கன்றுக்கு நாலாயிரம் முறை குனிதல் வேண்டும். முதற்கோடை முழுதும், நிலம் மிக வறியதாயின் இரண்டாங் கோடையிலும், இதனைச் செய்தவர் அக்குடும்பத்துப் பெண்டிரும் சிறுவரும் கூலியாளருமே. சவுக்கு உழைப்பில்லாப் பயிர் என்னும் கூற்று இக்காலத்து வழங்குகிறது. அது வேர் ஆழச் சென்ற பின்னைய ஆண்டுகளுக்கே பொருந்தும். முதலாண்டில் இடையே மணிலாவோ தர்ப்பூசணியோ பயிரிட்டு அதன் வருவாயாற் கன்றைக் காப்பாற்றுவர். அவற்றிற்கு ஊற்றும் நீர் கன்றிற்கும் பயன்படும். நிழல் படர்ந்தபின் இடைப்பயிர் இல்லை.

சவுக்கின் வேர்முடிச்சுகளில் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் வாழ்ந்து காற்றின் நைட்ரசனை மரத்திற்கு உணவாக்குகிறது. வெறும் மணலில் அது வளர்தற்கு இதுவே காரணம். நுண்ணுயிரின் பெயரறியாத உழவரும் பழைய தோப்பின் அடிமண்ணைக் கொணர்ந்து புதிய நாற்றங்காலில் இடுவது பயன் தரும் என அறிந்திருந்தனர். ஆயினும் உதிர்ந்த ஊசிச்சருகை அடுப்பிற்காக நாடோறும் கூட்டி அள்ளிவிட்டமையால், மரம் மண்ணிற்குத் திருப்பித் தந்ததில் ஒரு பகுதி சாம்பலாயிற்று. சருகை விட்டு வைத்தால் மண் வளரும். அள்ளினால் அன்றைய சோறு வேகும். இவ்விரண்டனுள் வறிய குடும்பம் எதனைத் தேர்ந்திருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இரண்டாம் ஆண்டு முதற்கொண்டு கீழ்க்கிளைகளைக் கழிப்பர். கழித்தவை மிலாறு எனப்படும். கட்டுக்கட்டாக விலையாகும். வெட்டிய மரத்தில் நேரானவை பந்தற்காலாகவும் சாரக்கழியாகவும் போகும். கோணலும் பருமனும் விறகாகும். இம்மரம் வெட்டிய அடியிலிருந்து செழுமையாகத் தழையாது. ஆகவே வேர்க்கட்டையையும் தோண்டி விற்று நிலத்தை ஒழித்துப் புதுக்கன்று நடுதலே வழக்கம். ஊசி, மிலாறு, கழி, கட்டை, வேர் என ஒவ்வோர் உறுப்புக்கும் தனிப் பெயரும் தனி விலையும் உண்டு.

எப்பொழுது வெட்டுவது என்பதே தோப்பு நிருவாகத்தின் உயிர்நிலை. நல்ல நீர் உள்ளவிடத்து நான்கைந்து ஆண்டிலும், வறண்ட மணலில் அதனினும் மிக்க காலத்திலும் மரம் தேறும். பருமன் ஏற ஏறக் கழியின் விலை ஏறுமாதலின் ஓராண்டு பொறுத்தல் பெரும் ஊதியம். ஆனால் தோப்பு பெரும்பாலும் திருமணம், கல்வி, கடன் என ஏதேனும் ஒரு செலவை எண்ணியே நடப்படுகிறது. அச்செலவு முந்தி வந்துவிட்டால் மரம் முதிரும் வரை காத்தல் இயலாது. வணிகர் இதனை நன்கறிவர். நிற்கும் மரத்தைக் கண்மதிப்பால் மொத்த விலை பேசுவதும், முன்பணம் கொடுத்து விலையைக் கட்டிவிடுவதும் பழைய முறைகள். தோப்பின் நடுவிற் புகுந்து எண்ணிப் பாராமல் ஓரத்து மரத்தைக் கொண்டு விலை கூறினால் விற்பவனுக்கே இழப்பு நேர்வதுண்டு. எடைக்கு விற்கும் முறை பரவியபின் கண்மதிப்பின் ஏமாற்றம் குறைந்தது. ஆயினும் வெட்டிய கட்டை நாடோறும் ஈரம் இழந்து எடை குறையும். வண்டி வரத் தாழ்ந்தால் அக்குறைவு உழவனையே சாரும்.

சமையல் எரிவாயு பரவி விறகுத்தொட்டிகள் மூடப்பட்டும், இரும்புக் குழாய்ச் சாரம் வந்தும், சவுக்கு வீழும் என எதிர்பார்க்க இடமிருந்தது. அதனைத் தாங்கியது காகிதத் தொழில். கரூர்ப் பகுதியில் 1979-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மையாகக் கொண்டு தொடங்கியதாயினும் மரக்கூழையும் வேண்டியது. ஆலைகள் கன்றுகளைத் தாமே தந்து விளைந்த மரத்தைத் தாமே கொள்ளும் ஒப்பந்த முறை பின்னர்த் தோன்றிற்று. கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனம் விரைந்து வளரும் தேர்ந்த வகைகளை வெளியிட்டது. விதைக்கன்றின் இடத்தைத் தண்டிலிருந்து வேர்விடச் செய்த கன்றுகள் பிடித்தன. சவுக்கு மணலைவிட்டு நஞ்சை ஓரங்களுக்கும் ஏறியது. நெல் நடுதற்கு ஆளில்லை, மக்கள் நகரத்தில் உள்ளனர் என்னும் நிலையே அதற்குப் பெருங்காரணம்.

இங்கே குடிவழி உரிமை புதுவடிவம் பெறுகின்றது. உடன்பிறந்தார் நால்வர் நகரங்களிற் சிதறியிருக்க, பிரிக்கப்படாத நிலத்தில் சவுக்கு நிற்கும். மரம் நிற்கும்வரை பாகப்பிரிவினை பேசப்படாது. வெட்டிய ஆண்டிலே பேச்சு எழும். 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளிர்க்கும் பிறப்புரிமை தந்தது. அச்சட்டம் வருமுன்னரே மணமான மகளிர்க்கு அவ்வுரிமை அப்பொழுது கிட்டவில்லை. 2005-ஆம் ஆண்டின் நடுவண் திருத்தம் அவர்க்கும் வழிசெய்தது. ஆயினும் மரம் விற்ற பணம் கைமாறுவது பத்திரத்தால் அன்று, வாய்ப்பேச்சால். நிலத்தைக் கூறுபோடும்பொழுது அக்காள், தங்கையரின் கையெழுத்து வேண்டப்படும். மரத்தை விற்கும்பொழுது வேண்டப்படுவதில்லை. அவர்தம் திருமணத்திற்கெனவே நட்ட தோப்பாயிருப்பினும், வெட்டிய பின் மறுமுறை நட்ட தோப்பில் அவர்க்குப் பங்குண்டு என்று எண்ணுவார் சிலரே. அண்ணனின் நேர்மையே அங்குச் சட்டம்.

மரத்திற்குக் காற்றினால் வரும் கேடும் உண்டு. 2011 திசம்பர் 30-ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய ‘தானே’ புயல் முந்திரி, பலா ஆகியவற்றோடு சவுக்கையும் சாய்த்தது. 2018 நவம்பர் 16-இல் ‘கசா’ புயல் வேதாரணியப் பகுதியில் அவ்வாறே செய்தது. முந்திரியும் பலாவும் மீளப் பல்லாண்டு வேண்டும். தென்னை வீழ்ந்தவன் ஒரு தலைமுறையின் உழைப்பை இழந்தான். சவுக்கு நட்டவன் இழந்தது அவ்வளவு நீண்டதன்று. ஆனால் ஊர்த்தோப்பெல்லாம் ஒரே நாளிற் சாய்ந்தமையால் ஒரே வாரத்தில் எல்லோரும் விற்க முற்பட்டனர். முறிந்த தண்டு சாரத்திற்கு உதவாது. வளைந்தது கழியாகாது. கூழுக்கும் விறகுக்குமே அவை சென்றன. வெட்டும் கூலியையும் வண்டிக் கூலியையும் கழித்துப் பார்த்துவிட்டு, சாய்ந்ததைச் சாய்ந்தபடியே விட்டு, அடுத்த ஐப்பசிக்கு நாற்றுச் சொல்லி வைத்த குடும்பங்களும் உண்டு.