விசுவாசம் ஆருக்கு? அத்திலாந்திக் சிற்றி முதல் சிக்காகோ வரை

"கட்சிக்கு விசுவாசமாக இருங்கள்" எண்டு மேடையில் ஒருவர் சொல்லும்போது எங்களுக்குக் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான். கட்சி எண்டால் ஆர்? வரிசையில் நிண்டு வாக்குப் போடுகிற ஆக்களா, இல்லை கதவைச் சாத்திப்போட்டு உள்ளே இருந்து முடிவெடுக்கிற ஆக்களா? அமெரிக்காவின் ஜனநாயகக் கட்சி இந்தக் கேள்வியை நூறு வருசமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறது. வேட்பாளரைத் தெரிவு செய்கிற நேரம் வரும்போதெல்லாம் அது திரும்ப முளைக்கிறது.

முதலில் டெக்சாஸ். அங்கே ஒரு காலத்தில் ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சி வெல்லுகிற வாய்ப்பே இல்லை. ஆகவே பிரைமரி எனப்படும் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தல்தான் உண்மையான தேர்தல். அதில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் எண்டு கட்சி 1932இல் தீர்மானம் போட்டது. கட்சி ஒரு தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது எண்டு சங்கம்தானே முடிவெடுக்கும் என்பது வாதம். 1935இல் உயர் நீதிமன்றமும் சரி எண்டு விட்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த லொனி ஸ்மித் எனும் கறுப்பினப் பல் வைத்தியர் தொடுத்த வழக்கில்தான் 1944இல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. 'தனியார் சங்கம்' என்கிற வாதத்தை மறந்துவிடாதீர்கள், அது பிறகும் வரும்.

இருபது வருசத்துக்குப் பிறகு மிசிசிப்பி. அந்த மாநிலத்தில் வாக்களிக்கும் வயதிலிருந்த கறுப்பின மக்களில் 100 பேருக்கு 7 பேர்கூட வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதியப் போனால் என்ன நடக்கும் என்பதற்கு பனி லூ ஹேமர் சாட்சி. விளைச்சலில் பங்குக்காக ஒரு வெள்ளையரின் பருத்தித் தோட்டத்தில் வேலைசெய்தவர் அவர். 1962இல் பதியப் போனார், அதே நாளில் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டார். அடுத்த வருசம் வினோனா எனும் ஊரின் சிறைக்குள் வைத்து அடிக்கப்பட்டார். அந்தக் காயங்கள் கடைசிவரை அவரை விடவில்லை.

மாநிலக் கட்சி உள்ளே விடாதபடியால் அவர்கள் தங்களுக்கென்று மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியை அமைத்தார்கள். தாங்களே கூட்டம் கூடி, 68 பேராளர்களைத் தெரிவு செய்துகொண்டு, 1964 ஓகஸ்டில் அத்திலாந்திக் சிற்றியில் நடந்த தேசிய மாநாட்டுக்குப் போனார்கள். தங்களுக்குத்தான் ஆசனம் தரவேணும் எண்டு கேட்டார்கள். வாதம் எளிமையானது. கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் லின்டன் ஜோன்சன். நாங்கள் அவருக்கு வேலை செய்கிறோம். மாநிலக் கட்சிக்காரரோ எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டரை விரும்புகிறார்கள். அப்ப விசுவாசி ஆர்?

ஓகஸ்ட் 22ஆம் திகதி ஹேமர் குழுவின் முன்னால் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, தொலைக்காட்சிகள் தன் பக்கம் திரும்பவேணும் எண்டு ஜோன்சன் அவசரமாகச் செய்தியாளர்களைக் கூட்டினார். ஆனா அன்று இரவே சனல்கள் ஹேமரின் பேச்சைப் போட்டன, நாடு முழுக்கப் பார்த்தது. தென்மாநிலங்களை இழந்துவிடுவோமோ எண்டு ஜோன்சனுக்குப் பயம். சமரசம் பேச அனுப்பப்பட்டவர் ஹியூபர்ட் ஹம்ப்ரி. உப ஜனாதிபதி வேட்பாளர் இடம் அவருக்கு இன்னும் உறுதியாகவில்லை. இதை எப்படி முடிக்கிறார் எண்டு ஜோன்சன் பார்த்துக்கொண்டிருந்தார். சமரசத்தை வரைந்த உபகுழுவின் தலைவர் மினசோட்டாவின் இளம் சட்டமா அதிபர் வோல்டர் மொண்டேல். இந்த இரண்டு பெயரையும் வைத்திருங்கள்.

கொடுத்தது இரண்டே இரண்டு ஆசனம். அதில் இருக்கப்போவது ஆர் எண்டுகூட மேலிடமே தீர்மானித்துவிட்டது. ஏற்றுக்கொள்ளுங்கள் எண்டு சொன்னவர்களில் பேயார்ட் ரஸ்டின் போன்ற சிவில் உரிமைத் தலைவர்களும் இருந்தார்கள். ஹேமரும் அவரோடு வந்தவர்களும் மறுத்தார்கள். மறுபக்கம், வெள்ளை மாநிலக் கட்சியிடம் கேட்கப்பட்டது விசுவாச உறுதிமொழியில் ஒரு கையெழுத்து. பெரும்பாலானோர் அதையும் போடாமல் வெளியேறினார்கள். நவம்பரில் மிசிசிப்பி 87 வீத வாக்கைக் கோல்ட்வாட்டருக்குக் கொடுத்தது. அவமதிக்கப்பட்டுத் திரும்பியவர்களோ ஜோன்சனுக்காகப் பிரசாரம் செய்தார்கள். இந்த இடத்தை நாங்கள் வாசித்தபோது கொஞ்ச நேரம் கதைக்கவே முடியவில்லை.

ஹம்ப்ரி கெட்ட மனிசன் எண்டு எழுதிவிட்டுப் போவது லேசு. ஆனா 1948 மாநாட்டில் சிவில் உரிமைகளுக்காக எழும்பிப் பேசி, தென்மாநிலத்தவர் சிலரை வெளியேற வைத்ததும் இதே ஹம்ப்ரிதான். நம்பிக்கை இருந்தது, அதற்கு மேல் விசுவாசமும் இருந்தது. அந்த விசுவாசம் மேல்நோக்கியே இருந்தது என்பதுதான் எங்கட விமர்சனம்.

1968இல் அதற்கான கூலி கிடைத்தது. வியட்நாம் போரை எதிர்த்த யூஜின் மக்கார்த்தி, நியூ ஹாம்ஷயர் பிரைமரியில் பதவியிலிருக்கும் ஜனாதிபதிக்கு எதிராக 42 வீதம் எடுத்தார். மார்ச் 31இல் ஜோன்சன் தான் போட்டியிடவில்லை எண்டு அறிவித்தார். ரொபர்ட் கென்னடி ஜூனில் சுடப்பட்டு இறந்தார். பிரைமரிகளில் விழுந்த வாக்குகளில் பெரும்பகுதி இந்தப் போர் எதிர்ப்பாளர் இருவருக்கும்தான். ஹம்ப்ரியோ ஒரு பிரைமரியிலும் போட்டியிடவில்லை. இருந்தும் சிக்காகோ மாநாட்டில் 1,759க்கு மேல் வாக்குகள் அவருக்கு, மக்கார்த்திக்கு 601. எப்படி? பேராளர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் தேர்தல் ஆண்டு தொடங்கும் முன்னரே தெரிவாகி முடிந்திருந்தது. சில மாநிலங்களில் ஆளுநர் எழுதிக் கொடுப்பதுதான் பட்டியல். அதாவது போரைப் பற்றி வாக்காளர் யோசிக்கத் தொடங்கும் முன்னரே முடிவு ஒரு பைலுக்குள் இருந்திருக்கிறது. வெளியே பொலிஸ் இளைஞர்களை அடித்தது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதே மாநாட்டில் மிசிசிப்பியின் ஆசனங்களில் ஹேமர் இருந்தார். 1964இல் கொடுத்த வாக்குறுதி அந்த அளவுக்காவது காப்பாற்றப்பட்டது. அவர் வந்த அணியின் பெயரே 'விசுவாச ஜனநாயகக் கட்சியினர்'!

ஹம்ப்ரி நிக்சனிடம் ஏறத்தாழ 5 இலட்சம் வாக்குகளால் தோற்றார். மக்கார்த்தி தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போதுதான், அதுவும் அரைமனதோடு, ஆதரவு சொன்னார். உள்ளாக்கள் வாக்காளரை மீறினால் வாக்காளர் சும்மா வீட்டில் இருந்துவிடலாம். இந்தப் பயத்தில் பிறந்ததுதான் மக்கவர்ன்–பிரேசர் ஆணைக்குழு. கதவைத் திறந்து, முன்கூட்டி அறிவித்து, பெண்களையும் இளைஞரையும் சிறுபான்மையினரையும் சேர்த்துத்தான் பேராளரைத் தெரிவு செய்யவேணும் எண்டு அது விதித்தது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பிரைமரிக்கு மாறின.

இதிலும் ஒரு கோணல் இருக்கிறது. 1972இல் சிக்காகோ மேயர் டேலியும் அவரது ஆக்களுமாக 59 பேர் பிரைமரியில் வாக்கு வாங்கி வந்த பேராளர்கள். புதிய விதிகளை மீறினார்கள் எண்டு மாநாடு அவர்களை வெளியேற்றி, ஜெசி ஜாக்சனும் வில்லியம் சிங்கரும் தலைமை தாங்கிய அணியை இருத்தியது. டேலியின் இயந்திரம் எப்படிப்பட்டது எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனாலும் வாக்காளரை மீறுவது பழைய ஆக்களின் தனிச்சொத்து இல்லை எண்டு ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அந்த முறை வேட்பாளர் மக்கவர்ன். 49 மாநிலங்களில் தோற்றார். "பார்த்தீங்களா, சனத்திட்ட விட்டால் இதுதான்" எண்டு உள்ளாக்கள் சொன்னார்கள். 1982இல் வட கரோலைனா ஆளுநர் ஜிம் ஹன்ட் தலைமையிலான ஆணைக்குழு, கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர்கள், ஆளுநர்கள், நிர்வாகிகள் போன்றோருக்கு யாருக்கும் கட்டுப்படாத வாக்குகளைக் கொடுத்தது. 1984இல் மாநாட்டின் 14 வீதம் அளவில் அவர்கள். சனங்கள் வைத்த பெயர் சுப்பர் டெலிகேட். முதல் பயனாளி? கரி ஹார்ட்டோடு இழுபட்டு, கடைசிப் பிரைமரிகள் முடிந்ததும் தொலைபேசியை எடுத்து சுப்பர் டெலிகேட்டுகளின் ஆதரவால் எண்ணிக்கையை நிரப்பிய வோல்டர் மொண்டேல். அத்திலாந்திக் சிற்றியின் அதே மொண்டேல். அவரும் 49 மாநிலங்களில் தோற்றார். சனம் தெரிந்தவரும் 49, உள்ளாக்கள் தாங்கியவரும் 49. வெல்லக்கூடியவர் ஆர் எண்டு எங்களுக்குத்தான் தெரியும் என்ற பேச்சு இதற்குப் பிறகாவது நின்றிருக்கவேணும்.

நிக்கவில்லை. 2008இல் சுப்பர் டெலிகேட்டுகள் ஒபாமா பக்கம் சாய்ந்ததால் பெரிய சண்டை தவிர்ந்தது. ஜோன் லூயிஸ் ஹிலரியை ஆதரித்திருந்தவர். தன் தொகுதி ஒபாமாவுக்குப் போட்டதைப் பார்த்து மாறினார். 2016இல் முதல் வாக்கு விழும் முன்னரே 300க்கு மேற்பட்டோர் ஹிலரிக்கு எண்டு ஊடகங்கள் எண்ணிக்காட்டின. ஹிலரி வாக்கிலும் இலட்சக்கணக்கில் முன்னுக்கு நின்றவர், சுப்பர் டெலிகேட் இல்லாவிட்டாலும் வென்றிருப்பார். ஆனா சாண்டர்ஸின் ஆக்களுக்குப் பட்ட காயம் கணக்கால் ஆறுகிற காயம் இல்லை. (சாண்டர்ஸும் கடைசியில் அதே சுப்பர் டெலிகேட்டுகளைத் தன் பக்கம் வரச்சொல்லிக் கேட்டார், அதையும் சொல்லவேணும்.) அவரது ஆதரவாளர்கள் போட்ட வழக்கில் 2017இல் கட்சியின் சட்டத்தரணி நீதிமன்றத்தில் சொன்னது என்ன தெரியுமா? நினைத்தால் கட்சி பழையபடி அறைக்குள் இருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டே வேட்பாளரைத் தீர்மானித்திருக்கலாம் எண்டு. டெக்சாஸின் தனியார் சங்கம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து நிண்டது. வழக்கு தள்ளுபடி ஆனது.

அடுத்த வருசம், சிக்காகோவில் கூடிய தேசியக் குழு, போட்டி இருக்கும் மாநாட்டில் முதல் சுற்றில் சுப்பர் டெலிகேட்டுகள் வாக்களிக்கக் கூடாது எண்டு முடிவெடுத்தது.

2024 எல்லாருக்கும் நினைவிருக்கும். பிரைமரிகளை வென்ற பைடன் ஜூலை 21இல் விலகினார், ஒரு பிரைமரி வாக்கும் இல்லாமல் கமலா ஹாரிஸ் வேட்பாளரானார். இதைச் சதி எண்டு நாங்கள் சொல்லமாட்டோம். பைடனின் வயது பற்றி வாக்காளர்தான் முதலில் முறைப்பட்டார்கள், உள்ளாக்கள்தான் கடைசியில் கேட்டார்கள். ஆனா அந்தப் பிரைமரிகளில் வேறொரு வாக்கும் விழுந்திருந்தது. காஸா போரில் பைடனின் நிலைப்பாட்டை எதிர்த்து, மிச்சிகனில் மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோர் 'யாருக்கும் இல்லை' என்ற தெரிவுக்கு வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்குகளால் தெரிவான ஏறத்தாழ 30 பேராளர்கள் ஓகஸ்டில் சிக்காகோ மாநாட்டுக்கு வந்தார்கள். பலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிடம் தாருங்கள் எண்டு கேட்டார்கள். மறுக்கப்பட்டது. 21ஆம் திகதி இரவு மண்டபத்துக்கு வெளியே நிலத்தில் இருந்தார்கள். விடிந்தால் ஹேமர் சாட்சி சொல்லி 60 வருசம்.

அவர்கள் முன்மொழிந்த பேச்சாளர்களில் ஒருவர் ஜோர்ஜியா மாநில சட்டசபை உறுப்பினர் ருவா ரொம்மான். மேடை கிடைக்காத தன் உரையை அவர் வெளியே கமராக்களுக்கு முன்னால் வாசித்தார். ஹாரிஸை வெல்ல வைக்க வேணும் எண்டு அந்த உரையில் எழுதியிருந்தது.