அரசு வாங்கிய லேப்டாப்பும் அப்பா வாங்கும் லேப்டாப்பும்

ஜூன் மாசம் வந்தா நமக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். இந்தத் தடவை அது சங்கரன்கோவில்ல இருந்து வந்திருக்கு. வீட்டுல விசைத்தறி. தம்பி பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி சென்னைக்குப் படிக்கப் போறான். அப்பா ஒதுக்கி வெச்சிருக்கிறது முப்பதாயிரம். எந்த லேப்டாப் வாங்கலாம்?

பதில் சொல்றேன். ஆனா இதே கேள்வி ஒரு எட்டு ஒன்பது வருஷம் தமிழ்நாட்டுல பல லட்சம் வீடுகள்ல எழவே இல்லை. அரசே உட்கார்ந்து யோசிச்சு, டெண்டர் போட்டு, ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துக் கையில கொடுத்துடுச்சு. அந்தக் கதை தெரிஞ்சா, கடையில போய் நின்னு என்ன கேட்கணும்னு தானாகவே தெரிஞ்சிடும்.

கதை 2005-ல ஆரம்பிக்குது. எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, ஏழைக் குழந்தைகளுக்கு நூறு டாலர்ல லேப்டாப் தருவோம்னு அறிவிச்சார். 2007-ல மெஷின் தயாராகி வந்தப்ப விலை 188 டாலர் பக்கம் நின்னுச்சு. நம்ம மத்திய அரசு 2006-லேயே அந்தத் திட்டம் வேண்டாம்னு சொல்லிட்டு, அதைவிடக் குறைஞ்ச விலைக்கு நாமே செய்வோம்னு கிளம்பியது. 2009 பிப்ரவரியில திருப்பதியில 'பத்து டாலர் லேப்டாப்' அறிமுகம் ஆச்சு. பத்திரிகைக்காரங்க போய்ப் பாத்தா, அது லேப்டாப்பே இல்லை, ஒரு சேமிப்புக் கருவி. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில கபில் சிபல் ஆகாஷ் டேப்லெட்டை வெளியிட்டார். ஏழு அங்குலத் திரை, 256 எம்பி ராம், 366 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர். விரலால அழுத்தினாத்தான் திரை வேலை செய்யும். அதுல நாலு பக்கம் அசைன்மென்ட் டைப் பண்ணணும்னு யாராவது சொன்னா நான் காலேஜையே விட்டிருப்பேன்.

இந்த மூணு முயற்சியிலும் முதல்ல முடிவானது விலைதான். அந்த விலைக்குள்ள என்ன அடங்குமோ அதுதான் மெஷின். பட்ஜெட்ல லேப்டாப் வாங்குற எல்லாரும் விழுற குழி இது.

தமிழ்நாடு வேற பக்கத்துல இருந்து யோசிச்சது. 2011 தேர்தல்ல ஜெயலலிதா கொடுத்த வாக்குறுதிகள்ல ஒண்ணு மாணவர்களுக்கு இலவச லேப்டாப். அந்த வருஷம் செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு, திருவள்ளூர் மாவட்டம் காக்களூர்ல திட்டம் தொடங்குச்சு. மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, ஆடு, மாடு எல்லாம் அதே நாள்ல தொடங்கின திட்டங்கள்தான். ஆடு மாடு எந்தத் துறைன்னா கால்நடைத் துறை. அதுக்கு அப்போ அமைச்சர் சொ. கருப்பசாமி, சங்கரன்கோவில் எம்எல்ஏ. அவர் பெயர் திரும்ப வரும்.

முதல் வருஷத்துக்கு 9.12 லட்சம் லேப்டாப், 912 கோடி ரூபாய்னு அரசு கணக்குப் போட்டுச்சு. அதாவது ஒரு லேப்டாப் பத்தாயிரம். வாங்க வேண்டிய பொறுப்பு எல்காட்டுக்கு. அவங்க எழுதின ஸ்பெக், அன்னைக்குக் கடையில இருந்த ஒரு சாதாரண முழு லேப்டாப்போட ஸ்பெக்: 14 அங்குலத் திரை, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், வைஃபை, கேமரா. விண்டோஸும் இருக்கும், கூடவே சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் இருக்கும். பொம்மை கம்ப்யூட்டர் வேண்டாம், ஆபீஸ்ல வேலை பாக்குறவங்க வெச்சிருக்கிறதையே பிள்ளைங்களுக்கும் கொடுப்போம்கிற முடிவு அது. இந்தத் திட்டத்துல எனக்குப் பிடிச்ச இடமும் இதுதான்.

அந்த முடிவுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. பத்தாயிரத்துக்கு அது அமையலை. அடுத்த சில வருஷங்கள்ல ஏறத்தாழ பதினாலாயிரம்னு வந்து நின்னுச்சு. போதாததுக்கு, அதே 2011 அக்டோபர்ல தாய்லாந்துல பெருவெள்ளம். ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் தண்ணிக்குள்ள போச்சு, உலகம் முழுக்க டிஸ்க் விலை எகிறிச்சு. லட்சக்கணக்குல டிஸ்க் வேணும்னு நிக்கிற டெண்டருக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அதே மாசம் 22-ஆம் தேதி அமைச்சர் கருப்பசாமி காலமானார். 2012 மார்ச் 18-ல சங்கரன்கோவில் இடைத்தேர்தல். தமிழ்நாடே இருட்டுல கிடந்த காலம் அது. சென்னையில கொஞ்ச நேரம்தான் கரண்ட் போகும், தெற்கு மாவட்டங்கள்ல மணிக்கணக்குல போகும். கரண்ட் இல்லைன்னா விசைத்தறி நிக்கும், தறி நின்னா கூலி நிக்கும். எதிர்க்கட்சிகள் பிரசாரம் முழுக்க மின்வெட்டு. ஆனாலும் அதிமுக வேட்பாளர் முத்துச்செல்வி 68 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். வாக்குப்பதிவு முடிஞ்ச மறுநாள், மார்ச் 19-ஆம் தேதி, கூடங்குளம் அணுமின் நிலையத்தைத் திறக்கத் தமிழக அமைச்சரவை பச்சைக்கொடி காட்டியது. சங்கரன்கோவில் ஓட்டுக்காகத்தான் காத்திருந்தாங்கன்னு அன்னைக்கே பேச்சு.

லேப்டாப் கதையில இது எதுக்குன்னா, அந்த வருஷம் அந்த ஊர்ல ஒரு பிளஸ் டூ பையனுக்கு மேசை மேல வைக்கிற கம்ப்யூட்டர் கொடுத்திருந்தா அது பாதி நாள் பெட்டியாத்தான் இருந்திருக்கும். பேட்டரி உள்ள மெஷின்னு முடிவானதுதான் காப்பாத்துச்சு. இன்னைக்கும் பட்ஜெட் லேப்டாப் விளம்பரத்துல பேட்டரி பத்தின வரி ரொம்பச் சின்ன எழுத்துல இருக்கும். முதல்ல படிக்க வேண்டிய வரி அது.

இலவசம் சரியா தப்பான்னு கோர்ட்டுக்கும் போச்சு. 2013 ஜூலை 5-ல, சுப்பிரமணியம் பாலாஜி வழக்குல, தேர்தல் அறிக்கையில இப்படி வாக்குறுதி கொடுக்கிறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அந்த விவாதத்தை இன்னொரு எபிசோடுல வெச்சுக்கலாம்.

மொத்தத்துல 50 லட்சத்துக்கும் மேல லேப்டாப் போய்ச் சேர்ந்துச்சு. எச்சிஎல், ஏசர், லெனோவான்னு கம்பெனிகள் மாறுச்சு. கடைசி வருஷங்கள்ல வந்தது லெனோவா இ41 வரிசை. ஒரு தெருவுல பத்து வீட்டுல ஒரே மாடல் இருந்தா என்ன ஆகும்னு யோசிங்க. சார்ஜர் போனா பக்கத்து வீட்டுல வாங்கிக்கலாம். கீபோர்டு மாத்தத் தெரிஞ்ச ஆள் அதே ஊர்ல உருவாகிடுவார். ஒன்பது லட்சம் பேர் சேர்ந்து பேரம் பேசினதால கிடைச்ச விலை ஒரு பக்கம், இந்த ரிப்பேர் வசதி இன்னொரு பக்கம். தனியா கடைக்குப் போற ஒரு அப்பாவுக்கு இந்த ரெண்டும் கிடையாது.

குறையும் இருந்துச்சு. பெரிய குறை நேரம். பள்ளியில கிடைக்க வேண்டியது காலேஜ் போன பிறகும் கிடைக்காம, 2019-ல 2017-18 பேட்ச் மாணவர்கள் பல ஊர்ல பள்ளி வாசல்ல போய் உட்கார்ந்தாங்க. அப்புறம் கொரோனா. எல்லா வகுப்பும் ஆன்லைனுக்குப் போன அந்த நேரத்துல திட்டம் நின்னு போச்சு. லேப்டாப் எப்போ ரொம்பத் தேவையோ அப்போ அது வரலை. அஞ்சு வருஷப் பிள்ளைங்க போன்லயே படிச்சு முடிச்சாங்க. அந்த பேட்ச்களைப் பத்தி யாரும் சரியாப் பேசலைங்கிறது என் வருத்தம்.

2025 மார்ச் 14 பட்ஜெட்ல நிதியமைச்சர் தங்கம் தென்னரசு, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப்னு அறிவிச்சார். முதல் கட்டத்துக்கு 2,000 கோடி. பிறகு வந்த எல்காட் டெண்டர்ல இருந்தது: இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

சங்கரன்கோவில் தம்பிக்கு நான் சொல்றதும் அதேதான். சேர்ற காலேஜ்ல அரசு லேப்டாப் வருமான்னு முதல்ல விசாரிங்க. வராதுன்னா, இந்த மூணு வரியைப் பேப்பர்ல எழுதிட்டுக் கடைக்குப் போங்க. 4 ஜிபி ராமை போர்டோடவே ஒட்டி, அதை ஏத்தவும் முடியாம விக்கிறாங்க. 64 ஜிபி சேமிப்போட பளபளன்னு ஒரு மெஷின் காட்டுவாங்க. ரெண்டையும் தொடாதீங்க. 2025 கடைசியில இருந்து ராம் விலை உலகம் முழுக்க ஏறியிருக்கு, அதனால முப்பதாயிரத்துல புதுசு அமையலைன்னா பயப்பட வேண்டாம். கம்பெனிகள் பயன்படுத்திட்டுக் கழிச்ச திங்க்பேட், லேட்டிட்யூட் மாதிரி மெஷின்கள் அதுக்குக் கீழயே கிடைக்கும். பில், வாரண்டி, எட்டாவது தலைமுறை இன்டெல்லோ அதுக்கு மேலயோன்னு மட்டும் பாத்துக்கோங்க. அதுக்குக் கீழ உள்ளதுல விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாப்ட் ஆதரவு கிடையாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. வாரண்டி சர்வீஸ் சென்டர் படிக்கிற ஊர்ல இருக்கணும், சொந்த ஊர்ல இருந்து பிரயோஜனம் இல்லை.

புதுசு வாங்குற முன்னாடி வீட்டுப் பரண்ல அண்ணனோ அக்காவோ வாங்கின அரசு லேப்டாப் கிடக்கான்னும் பாருங்க. அன்னைக்குக் கையில வாங்கின நாளே பாதிப் பேர் பாஸ் லினக்ஸை அழிச்சிட்டு விண்டோஸுக்குப் போனாங்க. இன்னைக்கு அந்த இ41-ல விண்டோஸ் 11 ஏறாது. ஒரு எஸ்எஸ்டி மாத்தி லினக்ஸ் போட்டா, முதல் வருஷ சி புரோகிராமிங் லேபுக்கு அது தாராளமாப் போதும். அப்பாவோட முப்பதாயிரம் விடுதி ஃபீஸுக்கு ஆகும்.