பழைய காரின் உயரம்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகக் கிழக்கே செல்லும் சாலை மலையேறிப் போனக்காட்டை அடைகிறது. அகத்தியர்கூடம் செல்வோர் நடைப்பயணத்தைத் தொடங்கும் இடம் அது. அங்கிருந்த தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர்களுள் நம் தமிழ் மக்கள் பலர். வளைவுகள் மலிந்த அம்மலைச் சாலையை மனத்திற் கொண்டு ஒரு கேள்வியை ஆராய்வோம். பழைய அம்பாசடர் போன்றதொரு காரைத் தரையை ஒட்டுமாறு தாழ்த்தி, அன்றாடம் ஓட்டலாமா?

இவ்வழக்கம் ஓங்கி வளர்ந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா. இரண்டாம் உலகப் போருக்குப் பின், மெக்சிகோ வழிவந்த இளைஞர்கள் அங்கே பழைய கார்களை வாங்கி, ஸ்பிரிங்கை அறுத்தும், பின்பெட்டியில் மணல் மூட்டைகளை ஏற்றியும் அவற்றைத் தாழ்த்தினர். ஊர்வலம்போல் மெல்லச் செல்வதே அவர்களுக்குப் பெருமை. சக்கர விளிம்பின் அடிமட்டத்துக்குக் கீழே வண்டியின் எப்பகுதியும் இறங்கலாகாதென 1958இல் அம்மாநிலச் சட்டம் தடுத்தது. உடனே, 1959இல் ரான் அகிரே என்பவர் விமான உதிரி உறுப்புகளைக் கொண்டு, வேண்டும்போது காரை ஏற்றவும் இறக்கவும் வல்ல ஹைட்ராலிக் அமைப்பைச் செய்துவிட்டார். போலீசாரைக் கண்டதும் கார் மரியாதையாக எழுந்து நிற்கும்! அத்தடை நீங்கியது 2024இல்தான்.

சமமான நகரத் தெருவுக்கும் மந்தமான வேகத்துக்கும் பிறந்த அலங்காரம் அது. அம்பாசடரின் கதையோ வேறு. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் இறுதி முதல் 2014 வரை அது உருவாயிற்று. நம் நாட்டின் கரடுமுரடான சாலைகளைத் தாங்கியதே அதன் புகழுக்குக் காரணம். முன்புறம் முறுக்கேறித் தாங்கும் டார்ஷன் பார். பின்புறம் பட்டை ஸ்பிரிங். இவை மேலும் கீழும் அசைய இடம் வேண்டும். காரைத் தாழ்த்தினால் அவ்விடம் சுருங்கும். பள்ளத்தில் இறங்கியதும் ரப்பர்க் கட்டையில் மோதும் அதிர்ச்சி சட்டகத்துக்குப் போகும். மலைச் சாலையில் துருத்தி நிற்கும் கல்லொன்று எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியைக் கிழித்துவிட்டால், உதவிக்கு நெடுந்தூரம் செல்ல வேண்டும்.

சட்டமும் இதில் தலையிடுகிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாதெனக் கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 50 ஆண்டு கடந்த கார்களுக்கென 2021இல் வந்த மத்திய விதிகள் அசல் வடிவத்தை வலியுறுத்துவதோடு, அவ்வகையில் பதிவான கார்களை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கின்றன. ஆகவே ‘தாழ்த்தி, நாள்தோறும் ஓட்டுவது’ என்னும் ஆசையின் இரு பாதிகளுக்கும் அங்கே இடமில்லை.

இதில் வேடிக்கை யாதெனில், நம்மிடம் எஞ்சியுள்ள பழைய அம்பாசடர்களுள் பல தாமாகவே தாழ்ந்துவிட்டவை. பல்லாண்டுச் சுமையில் பட்டைகள் தளர்ந்து, முன்புறமும் அமிழ்ந்திருக்கும். அனுபவமுள்ள பட்டறைக்காரர் பட்டைகளை வளைத்துக் கட்டி, டார்ஷன் பாரைக் கழற்றி, அதன் பற்களை மாற்றிக் கோத்து, இடமும் வலமும் ஒரே மட்டமாக நிற்கிறதாவென அளந்து பார்ப்பார். அதற்கும் ஷாக் அப்ஸார்பருக்கும் செலவிடும் பணம், ஸ்பிரிங்கை அறுக்கச் செலவிடும் பணத்தைவிடப் பயன் தரும் என்பது நம் கருத்து.