யாருக்கும் சொந்தமில்லாத படம்

ஒரு திரைப்படம் எப்போது பொதுச்சொத்தாகிறது? உரிமைக்காலம் முடிந்ததும் என்று சட்டம் சொல்லும். மறதியினாலும் ஆகலாம் என்பதற்கு ஹொலிவூட்டில் ஒரு கதை உண்டு.

பிலிப் வான் டோரன் ஸ்ரேண் என்ற அமெரிக்கர் 'மிகப் பெரிய பரிசு' என்றொரு சிறுகதை எழுதினார். பதிப்பாளர் எவரும் ஏற்கவில்லை. 1943இல் 200 பிரதிகளைத் தாமே அச்சிட்டு, நத்தார் வாழ்த்தாக நண்பர்களுக்கு அனுப்பிவைத்தார். அக்கதைதான் இயக்குநர் பிராங் கப்ராவின் கைக்கு வந்து, 1946இல் 'இற்ஸ் எ வொண்டர்புல் லைவ்' என்ற படமாயிற்று. ஜேம்ஸ் ஸ்ரூவேட் நாயகன். தான் பிறந்தேயிருக்கக் கூடாது என்று மனம் வெறுத்த ஒருவனுக்கு, அவன் பிறவாதிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என ஒரு தேவதூதன் காட்டுகிறான். எதிர்பார்த்த வசூல் கிடைக்கவில்லை.

அக்காலச் சட்டப்படி பதிப்புரிமை 28 ஆண்டுகள். இறுதியாண்டில் விண்ணப்பித்துப் புதுப்பிக்கலாம், தவறினால் போயிற்று. 1974இல் படத்தை வைத்திருந்த நிறுவனம் தவறவிட்டது. காசு கொடுக்கத் தேவையில்லை என்றதும் தொலைக்காட்சி நிலையங்கள் விடுமா? நத்தார் காலமெல்லாம் திரும்பத் திரும்பக் காட்டின. தோற்ற படம் வீட்டுப் பண்டமாயிற்று. சொந்தக்காரன் இல்லாததால்தான் அது பிழைத்தது என்பேன் நான்.

ஆனால் காக்கவும் ஆளில்லை. 1980களில் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வர்ணம் பூசினார்கள். கப்ராவும் ஸ்ரூவேட்டும் எதிர்த்தார்கள், தடுக்க வழியில்லை.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ஹிச்கொக்கின் 'றியர் விண்டோ' தொடர்பான வழக்கில், மூலக்கதையின் புதுப்பித்த உரிமை வேறொருவரிடம் இருந்தால் அவரது அனுமதியின்றிப் படத்தைப் பயன்படுத்த முடியாது என்று 1990இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வழக்கில் தோற்ற தரப்பில் அதே ஜேம்ஸ் ஸ்ரூவேட்டும் ஒருவர்! இத்தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு, 1993இல் றிப்பப்ளிக் பிக்சர்ஸ் நிறுவனம் கப்ராவின் படத்துக்கு உரிமை கோரியது. காட்சிகள் பொதுச்சொத்துத்தான், அவற்றுக்குள் இருக்கும் கதை அப்படியல்ல என்பது வாதம். கதையின் உரிமையும் இசையின் உரிமையும் அதன் கையில் இருந்தன. நிலையங்கள் ஒதுங்கிக்கொண்டன. 1994 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைக் காட்டும் உரிமை என்.பி.சி. ஒன்றுக்கே போயிற்று.

எவரும் வாங்காத அந்தக் கதைதான் படத்தை ஊராரிடமிருந்து மீட்டு ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. ஸ்ரேண் அதைப் பார்க்க இருக்கவில்லை. 1984இலேயே காலமாகிவிட்டார்.