குடும்பப் பணமும் மாநிலச் சட்டமும்



ஒரு சாதாரணக் குடும்பம் பணத்தோடு உறவு கொள்ளும் வழிகள் பெரும்பாலும் மூன்று. கையில் இல்லாதபோது கடன் வாங்குகிறது. கடன் கிடைக்காதபோது நகையை அடகு வைக்கிறது. சிறிது மிச்சம் பிடித்தால் சீட்டிலோ வைப்பிலோ போட்டு வைக்கிறது. இம்மூன்று இடங்களிலும் ஒரு பக்கத்தில் கணக்கறிந்தவர் அமர்ந்திருக்கிறார். மறுபக்கத்தில் அவசரத்தில் இருப்பவர் நிற்கிறார். இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய அரசாங்கம் இடையே வரலாமா? வரலாமெனில் எவ்வளவு தூரம் வரலாம்? இந்தக் கேள்விக்குச் சென்னை மாகாணமும், அதன் வழிவந்த தமிழ்நாடும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் சொல்லி வந்த விடையே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு.

முதலில், காவல் ஏதும் இல்லாதிருந்த காலத்தைப் பார்ப்போம். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி கதவடைத்தது. அது பெயர் பெற்ற ஆங்கில வணிக நிறுவனம். வங்கித் தொழிலும் நடத்தி வந்தது. பெயரை நம்பிப் பணம் போட்டிருந்த எண்ணற்ற குடும்பங்கள் ஒரே நாளில் நிலைகுலைந்தன. அந்நிறுவனத்தின் தலைவரான சர் ஜார்ஜ் அர்பத்நாட் மறு ஆண்டில் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் தண்டனை வேறு, பணம் திரும்புவது வேறு. திவால் சட்டம் எஞ்சியதைப் பங்கிட்டுக் கொடுக்குமேயன்றி, இழப்பை முன்கூட்டித் தடுக்காது. சென்னைப் பெருமக்கள் இதற்குக் கண்ட மருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று உருவாக்கிய இந்தியன் வங்கி. அது 1907 ஆகஸ்டு 15-இல் தன் பணியைத் தொடங்கியது. நம்பிக்கைக்குரிய நிறுவனம் ஒன்று பிறந்தது. ஆயினும் பணம் போடுவோரைக் காக்கும் சட்டம் பிறக்கவில்லை.

சட்டம் முதலில் கைகொடுத்தது கடன்பட்ட உழவனுக்குத்தான். 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் நம் சிற்றூர்களையும் தாக்கிற்று. நெல்லின் விலை சரிந்தது. கடனின் அளவோ சரியவில்லை. மாகாணத்தின் உழவர் கடன் 150 கோடி ரூபாய் என்று 1930-ஆம் ஆண்டளவில் மாகாண வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அளித்த அறிக்கை அதை 200 கோடி என்றது. விளைச்சலில் வரும் வருவாய் வட்டிக்கே போதவில்லை. அசலோ அசையாமல் நின்றது.

1937-இல் ராஜாஜி தலைமையில் அமைந்த அமைச்சரவை மறு ஆண்டிலேயே சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை இயற்றியது. அதன் விதிகள் துணிவானவை. 1932 அக்டோபர் 1-க்கு முன் உழவர் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை சேர்ந்து நின்ற வட்டி முழுவதும் தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசல் மட்டுமே மிஞ்சியது. அதற்குப் பிந்திய கடனுக்கு வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தை மிஞ்சலாகாது என்று வரம்பு கட்டப்பட்டது. பழைய கடனில், வாங்கிய அசலைப் போல் இரு மடங்கை உழவர் ஏற்கெனவே செலுத்தியிருந்தால், அசல் உட்பட அந்தக் கடனே தீர்ந்தது. நூறு ரூபாய் வாங்கியவர் சிறிது சிறிதாக இருநூறு கொடுத்து முடித்திருந்தால், அவருடைய பத்திரம் வெறுங்காகிதம் ஆயிற்று. ஒரு வேளையில் வசூலிக்கும் வட்டி அசலை மிஞ்சலாகாது என்ற பழைய இந்து சட்ட நெறியின் சாயலை இதில் காணலாம்.

கடன் கொடுத்தோர் வாளாவிருப்பரோ? வழக்கு புதுடில்லியில் இருந்த கூட்டாட்சி நீதிமன்றம் வரை சென்றது. அவர்கள் எழுப்பிய தடை நுட்பமானது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தின்படி கடன் கொடுக்கும் தொழில் மாகாணத்தின் அதிகாரத்தில் இருந்தது. புரோநோட்டு மத்திய அதிகாரத்தில் இருந்தது. புரோநோட்டின்மேல் கொடுத்த கடனை மாகாணச் சட்டம் எங்ஙனம் தொடலாம் என்று கேட்டனர். 1940-இல் நீதிமன்றம் இதற்கு விடை கூறியது. ஒரு சட்டத்தை அதன் ஓரங்களைக் கொண்டு அளக்கக்கூடாது. அதன் உட்பொருளும் சாரமும் எவை என்று பார்க்க வேண்டும். இச்சட்டத்தின் சாரம் கடனாளிக்கு நிவாரணம். வழியில் அது புரோநோட்டைத் தீண்டினாலும் செல்லுபடியாகும். இந்தத் தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதே கேள்வி பின்னரும் இருமுறை நம் முன் வரும்.

அடுத்தது அடகு. 1943-இல், அமைச்சரவை விலகி ஆளுநர் ஆட்சி நடந்த போர்க்காலத்தில், சென்னை அடகு பிடிப்போர் சட்டம் வந்தது. அடகுக் கடை நடத்துவோர் உரிமம் பெற வேண்டும். நகையை வாங்கியதும் அதன் விவரமும் தொகையும் எழுதிய அடகுச் சீட்டைக் கொடுக்க வேண்டும். மீட்பதற்கு ஓராண்டும், அதன்மேல் ஏழு நாள் தவணையும் உண்டு. அதன் பின்னரே நகையை விற்கலாம். அந்த விற்பனையும் பொது ஏலத்தில் நடைபெற வேண்டும். தாலிச் செயின் 'மூழ்கிப்போயிற்று' என்று நம் வீடுகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அச்சொல்லில் உள்ள துயரத்தைச் சட்டம் முற்றும் போக்கிவிடவில்லை. ஆயினும் மூழ்குவதற்கு ஒரு கெடுவும், ஒரு முறையும், கையில் ஒரு சான்றும் வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 1957-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம், உரிமம், கணக்கு, ரசீது என்னும் இதே ஒழுங்கை மற்றக் கடன்களுக்கும் விரித்தது.

இனிச் சீட்டுக்கு வருவோம். ஏலச் சீட்டின் அமைப்பை ஒரு கணக்கால் விளக்குகிறேன். இருபது பேர் மாதம் 500 ரூபாய் வீதம் இருபது மாதம் கட்டுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் சேரும் தொகை 10,000 ரூபாய். பணம் அவசரமாக வேண்டுபவர் ஏலத்தில் 2,000 ரூபாய் தள்ளி, 8,000 ரூபாய் எடுத்துக்கொள்கிறார். தள்ளிய தொகையில் நடத்துபவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் 500 ரூபாய் போக, 1,500 ரூபாய் மிஞ்சுகிறது. அது இருபது பேருக்கும் தலைக்கு 75 ரூபாய் கசராகக் கிடைக்கிறது. தேவைப்படுவோருக்கு இது கடன். காத்திருப்போருக்கு இது சேமிப்பு. வங்கி எட்டிப் பார்க்காத தெருக்களிலும் இயங்கிய அருமையான ஏற்பாடு இது.

ஆனால் இதில் ஓர் அபாயம் உண்டு. முதல் மாதத்தில் சீட்டு எடுத்தவர் பிறகு கட்டாமல் நின்றுவிடலாம். அதனினும் கொடியது, நடத்துபவரே ஓடிப்போவது. கடைசி வரை பொறுமையாகக் காத்திருந்தவரே அதிகம் இழப்பார். திருவிதாங்கூர் சமஸ்தானம் 1918-லேயே சிட்டிகளுக்கு ஒழுங்குமுறை வகுத்திருந்தது. சென்னை மாநிலம் காமராசர் ஆட்சிக் காலத்தில், 1961-இல், சீட்டு நிதிச் சட்டத்தை இயற்றியது. பின்னர் பல மாநிலச் சட்டங்களின் அனுபவத்தைத் திரட்டி, நாடு முழுமைக்குமாக 1982-இல் மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் எழுந்தது. 1984-இல் அது தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. சட்டம் மத்தியச் சட்டமே எனினும், அதை நடத்தும் பதிவாளர் மாநில அரசின் அலுவலர். சீட்டைத் தொடங்குமுன் அனுமதியும் பதிவும் வேண்டும். சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை நடத்துபவர் வங்கியில் பதிவாளர் பெயரில் ஈடாக வைக்கலாம். அல்லது சட்டம் ஏற்கும் வேறு ஈடு காட்ட வேண்டும். ஏலத்தின்போது குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது இருத்தல் வேண்டும். நடத்துபவரின் ஊதியத்துக்கு ஐந்து விழுக்காடு என்று இருந்த வரம்பு 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏழு ஆயிற்று. முன்னோர் நாணயத்தை நம்பினர். சட்டம் நாணயத்துக்கு ஈடு கேட்டது. வேற்றுமை அவ்வளவே.

மூன்றாவது, பணம் போடுவோர். 1990-களின் நடுவில் தமிழகத்தில் தனியார் நிதி நிறுவனங்கள் மழைக்காலக் காளான்போல் முளைத்தன. மிகுந்த வட்டி தருவதாக விளம்பரம் செய்தன. ஓய்வூதியப் பணமும் திருமணச் சேமிப்பும் அவற்றில் குவிந்தன. பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் அடைபட்டன. அர்பத்நாட் வீழ்ந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் சென்றபின் அதே காட்சி மீண்டும் அரங்கேறிற்று. இம்முறை மாநிலம் சட்டத்தோடு எழுந்தது. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம், பணம் திருப்பித் தராத நிறுவனத்தின் சொத்துகளை அரசு முடக்கவும், அவற்றைச் சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக விற்றுப் பணம் போட்டவர்களுக்குப் பங்கிடவும் வகை செய்தது. பொறுப்பானவர்களுக்குப் பத்தாண்டு வரை சிறை உண்டு என்றும் விதித்தது.

பழைய கேள்வி இங்கே திரும்பி வந்தது. வங்கியும் கம்பெனியும் மத்திய அரசின் அதிகாரத்தைச் சேர்ந்தவையாயிற்றே, மாநிலம் இதில் எப்படிச் சட்டம் செய்யலாம் என்று வழக்காடினர். 2011-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் சாரத்தையே பார்த்தது. ஏமாற்றப்பட்ட மக்களைக் காப்பதே இதன் நோக்கம் என்று கூறிச் சட்டத்தை நிலைநிறுத்தியது. 1940-இல் உழவனைக் காத்த அதே அளவுகோல், 2011-இல் சேமித்தவனைக் காத்தது.

எனினும் மாநிலத்தின் எல்லை விரிந்துகொண்டே செல்லும் என்று எண்ணிவிடலாகாது. கேரளத்திலும் குசராத்திலும் இருந்த கடன் கொடுப்போர் சட்டங்கள், ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களைக் கட்டுப்படுத்துமா என்ற வழக்கில், கட்டுப்படுத்தா என்று 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய நிறுவனங்களின் பிறப்பு முதல் இறுதி வரை ரிசர்வ் வங்கியே கண்காணிக்கிறது என்பது காரணம். ஆகவே, எந்தக் கடைக்கு எந்தக் காவலர் என்று அறிந்துகொள்வதும் குடிமகனின் கடமையாகிறது.

இறுதியாக, சட்டத்தின் கை எட்டாத இருளைப் பற்றிச் சில சொற்கள். கந்து வட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, நாள் வட்டி, தண்டல் என்று நம் கடைத்தெருக்களில் வழங்கும் பெயர்களை அப்படியே எடுத்து எழுதி, 2003-இல் தமிழ்நாடு ஒரு தடைச் சட்டம் செய்தது. மூன்றாண்டு வரை சிறையும் முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. இத்தகைய கடனின் தன்மையை உணர ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 900 ரூபாய் கையில் வாங்கி, நாளுக்குப் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்டும் ஒரு தண்டல் கடன். கூடுதலாகக் கட்டியது நூறு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசல் நாள்தோறும் குறைந்து வருவதால், சராசரியாகக் கையில் நின்ற பணம் 450 ரூபாய்க்குச் சற்று மேல். நூறு நாளுக்கு அதன்மேல் நூறு ரூபாய் வட்டி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ எண்பது விழுக்காடு! பள்ளியில் கற்கும் தனிவட்டிக் கணக்கே இந்தத் திரையை விலக்கப் போதுமானது.

சட்டம் இருந்தும் துயரம் ஒழிந்ததா? 2017 அக்டோபரில் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே, கந்து வட்டிக் கொடுமை என்று முறையிட்டு வந்த ஒரு குடும்பம் தீக்கிரையானது. அது தமிழகத்தையே உலுக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. அது உரிய நேரத்தில் அவர்களுக்கு எட்டவில்லை. ஒரு சட்டத்தின் வெற்றியை அது இயற்றப்பட்ட ஆண்டைக் கொண்டு அளப்பது போதாது; முறையிட வந்த மிக எளியவர் அந்த வாயிலில் எவ்வாறு நடத்தப்பட்டார் என்பதைக் கொண்டும் அளக்க வேண்டும்.

மாணவ மாணவியரே! இவ்வளவு சட்டங்களிலும் ஊடாடி நிற்பது ஒரு துண்டுக் காகிதம்தான். உரிமம், ரசீது, அடகுச் சீட்டு, பதிவு எண் என்று அதற்குப் பெயர்கள் பல. அதைக் கேட்டு வாங்குகிறவருக்கே சட்டம் துணை நிற்க இயலும். உங்கள் பெற்றோர் நகையை அடகு வைக்கும்போது சீட்டை உரக்கப் படித்துக் காட்டுங்கள். சீட்டில் சேரும்போது பதிவு எண் யாது என்று கேளுங்கள். வட்டி எத்தனை பைசா என்று யாரேனும் கூறினால், ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். எழுத்தறிவும் எண்ணறிவும் வீட்டுக்குப் பயன்படும் இடங்களுள் இதனினும் சிறந்தது வேறொன்று இல்லை.