காத்திருப்பின் கணக்கு

காலம் பொன் போன்றது என்று நாம் மாணவர்க்கு நாளும் கற்பிக்கிறோம். பள்ளி மணி ஒலித்தபின் வாயிலில் நுழையும் சிறுவனை நிறுத்திக் காரணம் கேட்கிறோம். ஆனால் அந்தப் பொன் யாருடையது என்னும் வினாவை நாம் எழுப்புவதில்லை. எல்லாருடைய காலமும் ஒரே விலையுடையதாக மதிக்கப்பட்டு வந்துள்ளதா? அல்லது சிலருடைய காலம் பொன்னாகவும் பலருடைய காலம் மண்ணாகவும் எண்ணப்பட்டதா? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் அரண்மனைகளின் வரலாற்றைப் புரட்ட வேண்டியதில்லை. மருத்துவமனையின் வெளிநோயாளர் பகுதியில் கிடக்கும் நீண்ட பலகையின் வரலாற்றை அறிந்தாலே போதும்.

என் அன்னையார் எண்பது வயதை நெருங்குபவர். ஆண்டில் சிலமுறை அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது என் கடமை. முன்பதிவு அட்டையில் காலை 10 மணி என்று தெளிவாக எழுதியிருந்தாலும், அவர் 5 மணிக்கே எழுந்து குளித்துச் சேலை உடுத்தி வாசலில் அமர்ந்துவிடுவார். “முந்திப் போனாத்தானப்பா முந்திப் பாப்பாங்க” என்பார். அட்டையில்தான் நேரம் குறித்திருக்கிறதே என்று நான் கூறினால், “நேரமெல்லாம் அவங்களுக்குப்பா; நமக்கு ஏது நேரம்?” என்று சிரிப்பார். கல்வி அதிகம் பெறாத அந்த மூதாட்டியின் சொல்லுக்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதனைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அறமும் காத்திருப்பும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செல்வர் மருத்துவமனையை நாடிச் செல்லவில்லை. மருத்துவரே அவர்தம் இல்லம் தேடிச் சென்றார். மருத்துவமனைக் கூடத்தில் கூடியவர் ஏழையரே. செல்வர் ஈந்த நன்கொடையால் நடந்த அந்த நிலையங்களில் சிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. இலவசமாகப் பெறுவோர் பொறுமையுடன் இருத்தல் வேண்டும் என்பது எழுதப்படாத விதி. நம் வட்டாரத்திலும் தொடக்கம் இவ்வாறே அமைந்தது. 1844ஆம் ஆண்டு சிங்கப்பூரில் டான் டோக் செங் என்னும் வணிகப் பெருமகனார் அளித்த கொடையால் ஏழையர்க்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. போற்றத்தக்க அறம் அது. ஆயினும் அறமாகப் பெறுவதற்கும் உரிமையாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அறத்தைப் பெறுபவன் நேரம் கேட்கமாட்டான், கேட்கவும் கூசுவான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி

இருபதாம் நூற்றாண்டின் விடியலில் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து நம் முன்னோர் திரள் திரளாக வந்திறங்கினர். அவர்களை எதிர்கொண்ட முதற்பகை மலேரியாக் காய்ச்சல். 1900ஆம் ஆண்டு கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அடுத்த ஆண்டு, கிள்ளான் மாவட்டத்தின் மருத்துவராக மால்கம் வாட்சன் என்பார் பொறுப்பேற்றார். அவ்வாண்டிலேயே திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில், அதாவது பின்னாளில் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறிய இடத்தில், காய்ச்சல் தலைவிரித்தாடியது. வாட்சன் மருத்துவமனையில் அமர்ந்து நோயாளிகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்தார். காட்டை அழித்துத் துப்புரவாக்கினார். கொசு பிறக்கும் இடத்திற்கே சென்று நோயைத் தடுத்தார். காய்ச்சலும் சாவும் பெரிதும் குறைந்தன. 1911ஆம் ஆண்டு அவர் தம் பட்டறிவை நூலாகவும் வெளியிட்டார். நோயாளி மருத்துவருக்காகக் காத்திருக்கும் முறையைவிட, மருத்துவம் நோயை முந்திக்கொள்ளும் முறையே சிறந்தது என்பதற்கு நம் மண்ணிலேயே நிகழ்ந்த சான்று இது.

1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், தோட்ட முதலாளிகள் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி அளிக்க வேண்டும் என வகை செய்தன. இவ்வாறு தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எழுந்தன. அவற்றில் அன்றாடம் இருந்தவர் டிரசர். மருத்துவரோ பல தோட்டங்களைச் சுற்றி வருபவர். குறிப்பிட்ட நாளில் வந்து பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குச் செல்வார். அவர் வரும் நாளில் நோயாளிகள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும். அவர் வரும் நேரம் சாலையின் நிலையையும், முந்தைய தோட்டத்தின் நோயாளிகளையும் பொறுத்தது.

இங்கு மாணவர்கள் ஓர் உண்மையை உணர வேண்டும். ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலைப் பொழுதில்தான். வெயில் ஏறிவிட்டால் பால் குறைந்துவிடும். ஆதலால்தான் இருள் பிரியுமுன்னரே பெரட்டுக் களத்தில் கூடி, பெயர் கொடுத்துவிட்டு நம் மக்கள் காட்டுக்கு விரைந்தனர். காலையில் ஆஸ்பத்திரிப் பலகையில் அமர்ந்தவன் இழந்தது இரண்டு மணி நேரம் அன்று. அன்றைய நாள் முழுவதையும் இழந்தான். பிற்பகலில் அந்த இழப்பை ஈடுசெய்ய மரம் இடம் கொடாது. அலுவலகத்தில் பணிபுரிபவருக்கும் பால்மரம் வெட்டுபவருக்கும் காத்திருப்பின் விலை ஒன்றாக இருந்ததில்லை.

என் தந்தையார்

1981ஆம் ஆண்டு நான் ஐந்தாம் வகுப்பில் பயின்றேன். என் தந்தையாரின் வலக்காலில் ஒரு சிறு புண் ஏற்பட்டது. வாரங்கள் கழிந்தும் ஆறவில்லை. டிரசர் ஐயா பார்த்துவிட்டு, “இது நம்ம மருந்துக்குக் கேக்காது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க” என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். தந்தையார் முதல் பேருந்தில் சென்றார். நண்பகல் கடந்து ஒரு மணிவரை அமர்ந்திருந்தார். அன்று அவர் முறை வரவில்லை. மறுவாரம் வரச் சொன்னார்கள். மறுவாரமும் சென்றார். மருத்துவர் அவசர நோயாளி ஒருவரைக் காணச் சென்றுவிட்டார். அன்றும் முறை வரவில்லை.

1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டத்தில் ஊதியத்துடன் கூடிய நோய் விடுப்புக்கு இடமுண்டு. ஆனால் மருத்துவர் பரிசோதித்துச் சான்று தந்தால்தான் அவ்விடுப்பு கிடைக்கும். மருத்துவரைக் காணாமல் திரும்பியவனுக்குச் சான்று ஏது? என் தந்தையார் இரண்டு நாள் கூலியை இழந்தார். பேருந்துக் கட்டணத்தையும் இழந்தார். மூன்றாம் வாரம் அவர் செல்லவில்லை. “பச்சிலை வச்சுக் கட்டினா ஆறிடும்” என்றார். அவருக்கு நீரிழிவு இருந்தது என்பதைச் சில மாதங்களுக்குப் பின், பாதம் கறுத்துப்போய்த் தூக்கிச் சென்றபோதுதான் அறிந்தோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

எந்த மருத்துவமனையையும் எந்த மருத்துவரையும் பழிப்பதற்காக இதனை ஈண்டு எழுதவில்லை. அவசர நோயாளியைக் காணச் சென்ற மருத்துவர் தம் கடமையையே செய்தார். அவர் ஒருவர், காத்திருந்தோர் பலர். எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. காத்திருப்போரின் எண்ணிக்கை பதிவேட்டில் ஏறும். காத்திருக்க இயலாமல் எழுந்து சென்றவரின் எண்ணிக்கை எங்கும் ஏறாது. நீண்ட காத்திருப்பின் பெருந்தீங்கு, பலகையில் அமர்ந்திருப்பவரிடம் அன்று, அங்கிருந்து எழுந்து போனவரிடமே காணப்படும்.

கணக்கிட்டவர் இருவர்

1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 5ஆம் நாள் பிரிட்டனில் தேசிய நலச் சேவை தொடங்கியது. மருத்துவம் குடிமக்கள் அனைவருக்கும் உரியதாயிற்று. அதனோடு வெளிநோயாளர் கூட்டமும் கவனத்துக்கு வந்தது. வெல்ச், நார்மன் பெய்லி என்னும் இருவர் இக்காத்திருப்பை முறையாக ஆராய்ந்து 1952ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். மருத்துவர் ஒரு நிமிடமும் வெறுமனே இருக்கலாகாது என்னும் எண்ணத்தால், தேவைக்கு மிகுதியான நோயாளிகளை முன்கூட்டியே வரவழைத்து அமர்த்திவைப்பதே நெடிய காத்திருப்புக்குப் பெருங்காரணம் என்று அவர்கள் காட்டினர். நோயாளிகளைச் சீரான இடைவெளியில் வரச் செய்தல் வேண்டும். தொடக்கத்தில் மட்டும் இருவரை ஒருங்கே வரவழைத்தால் மருத்துவரும் வீணே இருக்க நேராது. இம்முறை வெற்றி பெற இரு தரப்பாரும் நேரம் தவறாதிருத்தல் வேண்டும் என்பன அவர்தம் பரிந்துரைகள்.

இதனை வகுப்பில் மாணவர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 25 நோயாளிகளைக் காலை 8 மணிக்கே வரச் சொல்கிறோம். ஒருவருக்கு 5 நிமிடம் என்று கொள்வோம். முதல்வர் உடனே உள்ளே செல்வார். கடைசி நோயாளி 120 நிமிடம் காத்திருப்பார். இருபத்தைவரின் காத்திருப்பையும் கூட்டினால் 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். சராசரியாக ஆளுக்கு ஒரு மணி. இனி, மருத்துவர் அரை மணி தாமதமாக வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த அரை மணி ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். மொத்தம் 750 நிமிடம். பன்னிரண்டரை மணி நேரம். ஒருவருடைய அரை மணி, இருபத்தைவரிடமிருந்து அரை நாளைப் பறித்துவிடுகிறது. அதே இருபத்தைவரை ஐந்து நிமிட இடைவெளியில் வரவழைத்து, உரிய நேரத்தில் தொடங்கினால் காத்திருப்பு பெரிதும் சுருங்கும். சிலருக்கு ஐந்து நிமிடம் போதாது. சிலருக்கு மூன்றே போதும். ஆதலால் காத்திருப்பு அறவே ஒழியாது. ஆனால் 25 மணி நேரம் என்பது விதியன்று. நாம் வகுத்த ஏற்பாட்டின் விளைவு என்பது தெளிவு.

இவ்வாராய்ச்சியின் சிறப்பு அதன் கணிதத்தில் மட்டும் இல்லை. அதுகாறும் மருத்துவரின் நேரம் ஒன்றே கணக்கில் இருந்தது. நோயாளியின் நேரத்தையும் துலாக்கோலின் மற்றொரு தட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இவர்கள். நாற்பதாண்டுக்குப் பின், 1991ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட நோயாளர் சாசனம், வெளிநோயாளர்க்குக் குறித்த நேரம் அளித்து, அந்நேரத்திலிருந்து 30 நிமிடத்திற்குள் பார்க்க வேண்டும் என்று அறிவித்தது. பலகைக்கும் உரிமை பிறந்தது எனலாம்.

நம் நாட்டில்

நம் நாடு விடுதலை பெற்றபின் கிராமப்புறங்களில் சுகாதார நிலையங்கள் பெருகின. 1965ஆம் ஆண்டு தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் இயற்றப்பட்டது. 1982ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டண ஆணையின்கீழ், குடிமக்கள் அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளியும் நிபுணரைக் காண ஐந்து வெள்ளியும் செலுத்தினால் போதும் என்னும் நிலை ஏற்பட்டது. உலகில் பல நாட்டினரும் வியக்கும் ஏற்பாடு இது. இதற்கு நாம் நன்றியுடையோம். ஆயினும் சீட்டின் விலை ஒரு வெள்ளியாயினும், காத்திருப்பின் விலை ஒரு நாள் கூலியாக இருந்தால், ஏழைக்கு அம்மருத்துவம் மலிவானதன்று. 1993ஆம் ஆண்டு முதல் அரசாங்க அலுவலகங்கள் தத்தம் சேவைக்கான காலவரையறையைச் சாசனமாக எழுதித் தொங்கவிட்டன. முன்பதிவு நேரத்தைப் பகுத்தளிக்கும் முறையும் வந்தது. கைப்பேசி வாயிலாக நேரம் பெறும் முறையும் அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. காத்திருப்பை ஏற்பாட்டால் குறைக்கலாம் என்பதை இவை மெய்ப்பிக்கின்றன.

ஆனால் ஏற்பாடு மாறினால் போதாது. மனமும் மாற வேண்டும். 10 மணி என்று குறித்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு 6 மணிக்கே சென்று அமரும் முதியோர், பெரட்டுக் களத்தை இன்னும் விட்டு நீங்காதவர்கள். குறித்த நாளில் செல்லாமலும் செல்லாமையைத் தெரிவிக்காமலும் இருந்துவிடும் இளையோரும் நம்மிடையே உளர். ஒருவர் வாராமல் போன இடத்தில் மற்றொருவர் பார்க்கப்பட்டிருக்கலாம். அந்த மற்றொருவர் என் தந்தையாரைப் போன்ற ஒருவராகவும் இருக்கலாம்.

முடிவுரை

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவத்தை நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து உதவுபவர் என நான்கு கூறாகப் பகுத்துள்ளார். அதற்கு முந்தைய குறளில், கற்றறிந்த மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் எண்ணுவதோடு காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்கிறார். உரிய காலத்தில் செய்யப்படாத மருத்துவம் மருத்துவமாகாது என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

ஆசிரியர்களாகிய நாம் மாணவர்க்கு இரண்டையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். பிறர் நேரத்தை மதித்தல் பண்பு. தன் நேரத்துக்கும் மதிப்புண்டு என்று உணர்தல் தன்மானம். நம் முன்னோர்க்கு முன்னது மட்டுமே கற்பிக்கப்பட்டது.

சென்ற முறை அன்னையாரை அழைத்துச் சென்றபோது அவர் பிடிவாதத்தை மீறி 9:30 மணிக்கே புறப்பட்டேன். 10:20க்கு அவர் பெயரை அழைத்தார்கள். அவர் நம்பாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நம்மளையா கூப்பிடுறாங்க?” என்று கேட்டார். “ஆமாம்மா, உங்களைத்தான்” என்றேன்.