வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி: வடசென்னைப் பிள்ளைகள் விண்ணப்பிப்பது எப்படி?

ஜும்ஆ முடிந்து ஒரு சகோதரர் நம்மிடம் வந்தார். ராயபுரத்துக்காரர், கிளியரிங் ஏஜெண்ட் அலுவலகத்தில் வேலை. மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறார். "ஹஜ்ரத், பெரிய வக்கீல் கம்பெனியில் மகளுக்கு டிரெயினிங் இடம் வாங்கித் தர உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

நமக்கு அப்படி யாரையும் தெரியாது. சிபாரிசு எங்குமே நடப்பதில்லை என்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் சிபாரிசு இல்லாத பிள்ளைக்கும் வழி இருக்கிறது. அந்த வழியைப் பெற்றோர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தப் பயிற்சி விரும்பினால் செய்வது அல்ல, கட்டாயம். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, 3 ஆண்டு படிப்பில் சேர்ந்தவர் குறைந்தது 12 வாரங்களும், 5 ஆண்டு படிப்பில் சேர்ந்தவர் 20 வாரங்களும் பயிற்சி முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக 4 வாரங்களுக்கு மேல் செய்யக் கூடாது. ஆகவே கடைசி ஆண்டில் மொத்தமாக முடித்துவிடலாம் என்று தள்ளிப்போட முடியாது. பயிற்சி நாட்குறிப்பு ஒன்றும் எழுத வேண்டும்.

பயிற்சி பெறும் இடங்களில் வழக்கறிஞர் அலுவலகம், நீதித்துறை, தொண்டு நிறுவனம், கம்பெனி, சட்ட நிறுவனம் எல்லாம் அடங்கும். ஆனால் படிப்புக் காலத்தில் ஒரு முறையாவது நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் பயிற்சி பெற்றே ஆகவேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். இங்கிலாந்தில் சொலிசிட்டர் ஆவதற்குப் படிப்போடு இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் தேவை. நம் நாட்டில் அப்படி இல்லை. பட்டம் பெற்று, பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேறினால் போதும். ஆனால் பெரிய நிறுவனங்கள் இறுதி ஆண்டுகளில் பயிற்சிக்கு வரும் மாணவர்களைக் கவனித்து, பிடித்தவர்களுக்கு அங்கேயே வேலை தருவது உண்டு. அதனால்தான் இந்த 4 வாரங்களுக்கு இவ்வளவு போட்டி.

நம் தெருவில் இருக்கும் பாடம்

வணிகச் சட்டம் என்றதும் மும்பையின் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நம் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது. ஆனால் துறைமுகமும் தொழிற்சாலைகளும் இருக்கும் நம் பகுதியே வணிகச் சட்டத்தின் பாடப் புத்தகம். சரக்கு தாமதமானால் டெமரேஜ் கட்டுவது யார்? பில் ஆஃப் லேடிங்கில் பெயர் தவறினால் என்ன ஆகும்? குடோன் வாடகை ஒப்பந்தம் முறிந்தால் நஷ்டம் யாருக்கு? இவையெல்லாம் சட்ட நிறுவனங்களுக்கு வரும் வேலைகள்தாம்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே 'பி.டபிள்யூ. மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் நம் கரையெங்கும் படிந்தது நினைவிருக்கும். மீனவருக்கு நஷ்டஈடு தருவது யார், காப்பீடு எதுவரை பொறுப்பேற்கும், கப்பலைத் தடுத்து நிறுத்த எந்த நீதிமன்றத்தை அணுகுவது என்று எத்தனை கேள்விகள்! அதே ஆண்டு இயற்றப்பட்டு 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கடல்சார் உரிமைகோரல் சட்டப்படி, கப்பலைத் தடுத்து வைக்க உத்தரவிடும் அதிகாரம் பெற்ற நீதிமன்றங்களில் நமது சென்னை உயர் நீதிமன்றமும் ஒன்று. இதைக் கரையில் நின்று பார்த்த பிள்ளை, விண்ணப்பத்தில் எழுத விஷயம் இல்லை என்று சொல்லலாமா?

படிப்படியாக

முதல் ஆண்டிலேயே பெரிய நிறுவனத்தைத் துரத்த வேண்டாம். பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு பக்கம் வழக்கறிஞர் அலுவலகங்கள் ஏராளம். முதல் பயிற்சியை அங்கே தொடங்கலாம். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் மாறிவிட்டதால், நம் பிள்ளைகளுக்கு நீதிமன்றம் பக்கத்தில் இருந்தும் பழக்கம் விட்டுப்போயிற்று. திருவொற்றியூரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கலாம். விடுமுறையில் போய் வழக்குகளைக் கவனிக்கட்டும்.

அடுத்து விண்ணப்பம். நிறுவனங்களின் இணையதளத்தில் விண்ணப்பிக்கும் முறையும் மின்னஞ்சல் முகவரியும் இருக்கும். பெரிய நிறுவனங்களில் இடங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். மே மாதப் பயிற்சிக்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே எழுதுவது நல்லது. பயோடேட்டா ஒன்றிரண்டு பக்கங்களுக்குள் இருக்கட்டும். கடிதத்தில் எந்தத் தேதிகள், எந்தப் பிரிவில் ஆர்வம், அதற்கு என்ன படித்தோம், எழுதினோம் என்ற மூன்றும் தெளிவாக இருந்தால் போதும். ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றி எல்லோருக்கும் அனுப்பினால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

மதிப்பெண்ணைக் கூட்டி எழுதுவது, செய்யாத பயிற்சியைச் சேர்ப்பது கூடவே கூடாது. அது பொய் என்பதோடு, ஆவணங்களைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் அது நிற்கவும் நிற்காது. உள்ளே போன பிறகு கண்ணில் படும் கட்சிக்காரரின் காகிதங்கள் அமானிதம். வீட்டிலும் வாட்ஸ்அப்பிலும் அதைப் பேசக் கூடாது.

பதில் வராத மின்னஞ்சல்களே அதிகம் இருக்கும். பத்து நாள் கழித்து மரியாதையாக ஒரு முறை நினைவூட்டலாம். பிறகு அடுத்த இடத்துக்கு எழுத வேண்டியதுதான்.

பெற்றோர்களுக்கு

சில பெரிய நிறுவனங்கள் உதவித்தொகை தரும். சிறிய அலுவலகங்களில் பெரும்பாலும் கிடைக்காது. பயணம், சாப்பாடு, கறுப்புக் கோட்டுக்கான செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள். வேலை நேரம், ஜும்ஆ, வீடு திரும்பும் நேரம் பற்றி முதல் நாளே பிள்ளை பணிவாகக் கேட்டுக்கொள்ளலாம். கேட்பதில் தவறில்லை. பெண் பிள்ளை என்பதால் தயங்குபவர்கள் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 1989இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக அமர்ந்தவர் ஒரு முஸ்லிம் பெண்மணி, ஃபாத்திமா பீவி அவர்கள். பின்னர் நம் தமிழகத்துக்கே ஆளுநராக வந்தார்.

அந்தச் சகோதரரிடம் நாம் கடைசியாகச் சொன்னது இதுதான்: "சிபாரிசுக்கு ஆள் தேடாதீர்கள் பாய். இன்று இரவு மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு பில் ஆஃப் லேடிங்கில் எந்த வரி எதற்கு என்று சொல்லிக் கொடுங்கள். அவர் கடிதத்தில் எழுத வேண்டியது அதிலிருந்தே வரும்."